அவர் கிருபை என்றுமுள்ளது: தப்பியவர்களும் இழந்தவர்களும் சேர்ந்து சொல்லக்கூடிய நன்றி எது?

விளவங்கோடு வாசகர் எழுதியது:

அன்பு உறவுகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஆண்டு முடிவு நெருங்குகிறது. எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டத்தில்) டிசம்பர் 31 இரவு ஆராதனையின் ஒழுங்கை எழுதும் பொறுப்பு இந்த முறையும் என்னிடம் வந்திருக்கிறது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள பல சபைகளில் நடப்பதுபோல நாங்களும் 136-ஆம் சங்கீதத்தை வாசிப்போம். நடத்துகிறவர் ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு போக, சபையார் 26 முறையும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று பதில் சொல்வார்கள். அதன் பிறகு சாட்சி வேளை. அந்தச் சாட்சி வேளையைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் சபையார் சிலர் சென்ற வேன் ஒன்று இந்த ஆண்டு விபத்தில் சிக்கியது. பலர் சிறு காயங்களோடு தப்பினார்கள்; ஒரு சகோதரர் இறந்துவிட்டார். தப்பியவர்கள் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்து நின்று, தேவன் தங்கள்மேல் வைத்த கிருபை பெரிது என்றும், அதனால்தான் உயிரோடு நிற்பதாகவும் உள்ளம் உருகிச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இறந்தவரின் மனைவி, தூங்கிப்போன மகளின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு அதே ஆலயத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சாட்சியும் முடிந்து சபை “அல்லேலூயா” என்று சொன்னபோது அவரும் சேர்ந்து சொன்னார். அவருக்கு அது எவ்வளவு பாரமாயிருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

கிருபைக்கு அடையாளம் உயிர் தப்பியதுதான் என்றால், தப்பாதவருக்குக் கிருபை கிடைக்கவில்லை என்று நாம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அப்படியானால் 26 முறை நாம் அறிக்கையிடும் அந்த வரி, அந்த அம்மாவின் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. அது உண்மையாயிருக்க முடியாது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். அதே சமயம், தப்பியவர்களைப் பார்த்து “நன்றி சொல்லாதீர்கள்” என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இரு தரப்பாரும் ஒரே ஆராதனையில், ஒரே வாயாய்ச் சொல்லக்கூடிய நன்றி எது? வேதத்தை ஊன்றிப் படித்தவர்களும், இந்தப் பாதையைத் தாங்களே நடந்து கடந்தவர்களும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாறசாலை டீச்சர் எழுதியது:

அண்ணன், மிகவும் தேவையான கேள்வி. என்றாலும் தப்பியவர்களின் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களைப் பேசச் சொல்வதே வேதம்தான்.

107-ஆம் சங்கீதமும் உங்கள் 136-ஆம் சங்கீதத்தைப் போலவே, கர்த்தர் நல்லவர், அவர் கிருபை என்றுமுள்ளது என்றுதான் தொடங்குகிறது. அதன் பிறகு நான்கு வகையான மனிதரைக் கூப்பிடுகிறது: வனாந்தரத்தில் வழி தப்பியவர்கள், விலங்கு பூட்டப்பட்டு இருளில் கிடந்தவர்கள், நோயால் மரணவாசல் வரை போனவர்கள், கப்பலேறிப் போய்ப் புயலில் அகப்பட்டவர்கள். ஒவ்வொரு கூட்டத்தாரும் ஆபத்தில் கூப்பிட்டார்கள், அவர் விடுவித்தார், ஆகவே அவரைத் துதிப்பார்களாக என்று அந்த அழைப்பு நான்கு முறையும் திரும்ப வருகிறது. சபையிலே அவரை உயர்த்த வேண்டும் என்று 32-ஆம் வசனம் இடத்தையும் குறிப்பிட்டுவிடுகிறது. மரணத்தின் விளிம்பிலிருந்து திரும்பிய ஒருவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அது நன்றி மறந்த செயலாகவே இருக்கும்.

ஆனால் அண்ணன், அந்தச் சங்கீதத்தை மீண்டும் ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். கரையேறியவர்கள் மூழ்கிப்போனவர்களோடு தங்களை ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. “நான் ஜெபித்தேன், அவர் ஜெபிக்கவில்லை” என்ற நினைப்புக்கு அங்கே இடமே இல்லை. எங்கள் பக்கத்துச் சபைகளில் சாட்சி சொல்கிறவர்கள் தங்களை அறியாமலே செய்யும் தவறு இந்த ஒப்பீடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாட்சி சொல்ல எழுந்திருப்பவரிடம் முன்கூட்டியே அன்பாகப் பேசி, தனக்குக் கிடைத்ததைச் சொல்லும்படியும், மற்றவருக்குக் கிடைக்காததைக் காரணம் காட்டி விளக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தில் சொல்வதைப் பெரியவர்களிடமும் சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

திருவட்டாறு பால்வெட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பெரிய வேத அறிவு கிடையாது. டீச்சர் எழுதியதைப் படித்தபோது புலம்பல் 3-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. தேவனுடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, “அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்ற வசனத்தை நாம் காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் பார்த்துப் பழகிவிட்டோம். அது கி.மு. 586-ஐ ஒட்டி எருசலேம் பாபிலோனியரால் எரிக்கப்பட்ட பிறகு, இடிபாடுகளுக்கு நடுவில் எழுந்த புலம்பல் என்று எங்கள் உபதேசியார் ஒருமுறை விளக்கினார். வீடு எரிந்தவன் சொன்ன சொல் அது. தப்பியவன் சொன்னதா, இழந்தவன் சொன்னதா என்று கேட்டால் இரண்டும்தான்.

நான் ரப்பர் வெட்டுகிறவன். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால், முந்தின முறை வெட்டிய சாய்வான கோட்டில் பால் உறைந்து ஒட்டுப்பாலாக அடைத்துக்கொண்டிருக்கும். அதை இழுத்து எடுத்துவிட்டுக் கத்தியால் மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவினால்தான் புதிய பால் ஊறி, கோட்டின் வழியே வந்து சிரட்டையில் விழும். வெயில் ஏறுகிறபோது அதுவும் நின்றுவிடும். எவ்வளவு நல்ல மரமானாலும், போன வாரத்துப் பால் இந்த வாரத்துச் சிரட்டையை நிரப்பாது. இரக்கம் காலைதோறும் புதியது என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அந்தச் சகோதரிக்கு விபத்து நடந்த நாளுக்கான இரக்கம் வேறு. மகளைப் பள்ளிக்கு அனுப்பும் இன்றைய காலைக்கான இரக்கம் வேறு. இன்றைக்குரியது இன்றைக்கு வருகிறது என்ற நம்பிக்கையை அவர் கையில் யாராவது கொடுத்தால், அந்த 26 முறையையும் அவரும் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

கொல்லங்கோடு கடற்கரை எழுதியது:

விளவங்கோடு அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் கத்தோலிக்கன், தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரன். எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும், எங்கள் பங்குகள் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பாதையை நடந்து கடந்தவர்கள் எழுத வேண்டும் என்று அண்ணன் கேட்டதால் எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது எங்கள் அண்ணன் ஆழ்கடலில் இருந்தார். எங்கள் ஊர் ஆட்கள் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் தூரக்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். கரையிலிருந்து சொல்லும் எச்சரிக்கை படகின் வயர்லெஸ் செட்டுக்கு எட்டாத தூரம் அது. அண்ணன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதே வாரத்தில் எங்கள் தெருவிலேயே வேறு சிலர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்து உயிரோடு கரை சேர்ந்தார்கள். அவர்கள் வீட்டில் நன்றித் திருப்பலி, எங்கள் வீட்டில் நினைவுத் திருப்பலி. இரண்டும் ஒரே பீடத்தில், ஒரே பங்குத்தந்தையின் கையால் நிறைவேறின.

எங்கள் அம்மா அந்த நன்றித் திருப்பலிக்கும் போனார். ஏன் போகிறீர்கள் என்று நான் சற்றுக் கோபமாகவே கேட்டேன். “அவனும் நான் சோறு போட்ட பிள்ளைதானே” என்று சொல்லிவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டு மாலைச் செபமாலையில் மன்றாட்டு மாலையின்போது “எங்கள்மேல் இரக்கமாயிரும்” என்று சொல்லும் குரல் அந்த வாரங்களில் தடுமாறியதுண்டு, நின்றதில்லை. அம்மாவின் நன்றியில் அண்ணன் தப்பியது இல்லை, ஏனென்றால் அவர் தப்பவில்லை. தங்கள் சொந்தப் படகுகளை எடுத்துக்கொண்டு புயலின் சீற்றம் முற்றிலும் அடங்கும் முன்பே தேடிப் போன ஊர் ஆட்களுக்காகவும், மாதக்கணக்கில் எங்கள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட வீடுகளுக்காகவும், அண்ணன் தன்னோடு இருந்த ஆண்டுகளுக்காகவும் அவர் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறார். எட்டாத இரக்கத்தைப் பற்றி அவர் பேசுவதில்லை. தன்னை எட்டிய இரக்கத்தைப் பெயர் சொல்லி, ஆள் பெயர் சொல்லிக் கணக்கு வைத்திருக்கிறார்.

இன்னும் ஒன்று. ஒக்கி முடிந்து ஓராண்டு ஆகும் முன்பே, 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் மூடியது. விழிஞ்ஞம், பூந்துறை முதலிய கடற்கரைகளிலிருந்து ஆட்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர், ஆறன்முளை, ஆலுவா வரை போய், கூரைமேல் நின்றவர்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். ஒக்கியில் ஆட்களைப் பறிகொடுத்த அதே கடற்கரைகள்தான். இரக்கம் என்றும் நிலைத்திருக்கிறது என்பதை நான் எந்தப் பிரசங்கத்திலும் அந்த நாட்களில் பார்த்ததுபோல் தெளிவாகப் பார்த்ததில்லை.

மார்த்தாண்டம் இளைஞன் எழுதியது:

அண்ணன்மாரே, எனக்கு ஒரே கேள்வி. ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவரை விட்டதற்கு ஏதாவது காரணம் இருக்கத்தானே வேண்டும்? அந்தக் காரணம் தெரியாமல் நன்றி சொல்வது எப்படி?

அருமனை போதகர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, அதே கேள்வியை இயேசுவே எடுத்துப் பேசியிருக்கிறார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைக் காட்டிலும் அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). இறந்தவர்மேல் ஒரு காரணத்தைச் சுமத்தும் வழியை அவர் அடைத்துவிட்டார். கேட்டவர்களைத் தங்கள் சொந்த வாழ்க்கையின் பக்கம் திருப்பினார். நாமும் அங்கேயே நிற்பது நல்லது.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே ஏரோது யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்கிறான். அதே அதிகாரத்தில் பேதுரு சங்கிலிகள் கழன்று விழச் சிறையிலிருந்து தூதனால் வெளியே கொண்டுவரப்படுகிறார். இருவரும் ஒரே படகுத்துறையிலிருந்து அழைக்கப்பட்டவர்கள்; மறுரூப மலையில் ஒன்றாக நின்றவர்கள். யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்கவில்லை என்றோ, பேதுருவின் விசுவாசம் பெரிது என்றோ லூக்கா எழுதவில்லை. எபிரெயர் 11-இலும் இப்படியே இருக்கிறது. விசுவாசத்தினால் சிலர் பட்டயத்துக்குத் தப்பினார்கள். இரண்டு மூன்று வசனங்கள் தள்ளி, வேறு சிலர் பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள். முடிவில் இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்று ஒரே வாக்கியத்தில் இரு கூட்டத்தாரையும் சேர்த்துவிடுகிறது அந்த நிருபம்.

விளவங்கோடு தம்பியின் கேள்விக்கு என் பதில் 118-ஆம் சங்கீதம். பஸ்கா இரவில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களில் ஒரு பகுதியை விருந்துக்கு முன்பும் மற்றதைப் பின்பும் பாடுவது யூதர்களின் வழக்கம். இயேசுவும் சீஷர்களும் கடைசி இராப்போஜனத்துக்குப் பிறகு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் புறப்பட்டார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறது. அந்தப் பாட்டு இந்தச் சங்கீதங்களின் பிற்பகுதிதான் என்று வேத அறிஞர் பலர் கொள்கிறார்கள். அப்படியானால் கெத்செமனேக்குப் போகும் வழியில் கர்த்தருடைய உதடுகளில் கடைசியாக இருந்த பாட்டு, “கர்த்தரைத் துதியுங்கள், அவர் நல்லவர், அவர் கிருபை என்றுமுள்ளது” என்று தொடங்கி அதே சொற்களோடு முடியும் பாட்டு. அடுத்த சில மணி நேரத்தில் அவர் தமக்கு முன்னிருந்த பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி ஜெபித்தார். அது நீங்கவில்லை. அவர் தப்புவிக்கப்படவில்லை.

அந்தச் சங்கீதத்தின் 17-ஆம் வசனத்தையும் அவர் பாடியிருப்பார்: “நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்.” மறுநாள் மாலையில் அவர் கல்லறையில் இருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் அந்த வசனம் அவர் விஷயத்தில் பொய்த்துப்போயிற்று. மூன்றாம் நாள் காலையில்தான் அதன் முழு அர்த்தமும் விளங்கியது. நம்முடைய கிறிஸ்தவ நன்றி நிற்பது இந்த அஸ்திபாரத்தின்மேல்தான். சாவுக்கு இந்தப் பக்கம் தப்புவிக்கிற கிருபை மெய்யானது. அதற்கு ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். சாவின் வழியாகவே கொண்டுபோய் அந்தப் பக்கத்தில் எழுப்புகிற கிருபையும் அதே கிருபைதான், அதே கர்த்தருடையதுதான். யாக்கோபும் பேதுருவும் அதற்குள் இருக்கிறார்கள். கடற்கரைத் தம்பியின் அண்ணனும் அதற்குள் இருக்கிறார். அந்த வேனில் இருந்தவர்கள் அனைவரும் அதற்குள் இருக்கிறார்கள்.

ஆகையால் ஆண்டு முடிவில் 136-ஐ வாசிப்பதோடு 118-ஐயும் வாசியுங்கள் என்பது என் ஆலோசனை. ஆனால் 17-ஆம் வசனத்தைப் பற்றி அந்தச் சகோதரியிடம் ஒரு வார்த்தை முன்னதாகப் பேசுங்கள். திடீரென்று காதில் விழக்கூடாத வசனம் அது.

மூணாறு லயத்திலிருந்து எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். மூணாறில் எங்கள் சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயம் இருக்கும் மலைச்சரிவில் முதலில் வந்தது ஆலயம் அல்ல, கல்லறை. தோட்ட அதிகாரி ஒருவரின் இளம் மனைவி எலினார் நைட் 1894-இல் காலராவால் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டார். ஆலயம் எழும்பியது 1910-இல்தான். இன்றைக்கு அங்கே தமிழ் ஆராதனையில் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று சொல்கிறவர்கள், தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளி வாழும் எங்கள் மக்கள். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளாகிய லயங்களின்மேல் மண் சரிந்து 70 உயிர்கள் போன பிறகும் நாங்கள் அதைச் சொன்னோம், மெதுவாகச் சொன்னோம். சாட்சி வேளைக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஜெபத்தில் மட்டும் எல்லோரும் சேர்ந்தோம். அப்படியும் ஒரு நன்றி ஆராதனை இருக்கலாம் என்பதை இங்கே சொல்லத் தோன்றியது.

பாறசாலை டீச்சர் எழுதியது:

போதகர் ஐயா, 118-ஆம் சங்கீதத்தைப் பஸ்கா இரவோடு சேர்த்து விளக்கியதற்கு மிக்க நன்றி. எஸ்றா 3-ஆம் அதிகாரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது லேவியர் இதே வரியைத்தான் பாடினார்கள். முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் உரத்த சத்தமாய் அழுதார்கள், மற்றவர்கள் மகிழ்ச்சியாய் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. அங்கே ஒருவரும் அந்த முதியவர்களை அடக்கவில்லை.

மூணாறு நண்பர் சொன்னதையும் யோசிக்க வேண்டும் அண்ணன். சாட்சி வேளையை நிறுத்த வேண்டாம். ஆனால் அதற்கு முன்பாகச் சற்று நேரம் சபை முழுவதும் அமைதியாக ஜெபிக்க வழி செய்யுங்கள்.

விளவங்கோடு வாசகர் எழுதியது:

எழுதிய ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. போதகர் ஐயாவின் பதிவை அச்செடுத்து எங்கள் சேகரத்துப் போதகரிடம் கொடுத்தேன். அவரும் வாசித்துவிட்டு, 118-ஐ ஒழுங்கில் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

நேற்று மாலை நானும் என் மனைவியும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனோம். 17-ஆம் வசனத்தைப் பற்றித் தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தேன். அவர் வேதாகமத்தை எடுத்துவந்து அந்தச் சங்கீதம் முழுவதையும் எங்கள் முன்பாகவே வாசித்தார். 17-ஐத் தன்னால் இந்த ஆண்டு வாசிக்க இயலாது என்றும், தப்பியவர்களில் யாராவது வாசிக்கட்டும், தான் கேட்டுக்கொள்வேன் என்றும் சொன்னார். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் தானே நின்று வாசிக்க அனுமதி கேட்டார். இன்னொன்றும் கேட்டார்: ஸ்தோத்திர ஜெபத்தில் கணவரின் பெயரைச் சொல்ல வேண்டும், ஆறுதலுக்கான வேண்டுதல் பகுதியில் மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது, தேவன் கொடுத்த நன்மைகளைச் சொல்லும் பகுதியில் சொல்ல வேண்டும் என்றார். கொல்லங்கோடு தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை அவரிடம் சொன்னேன். தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார்.

இப்போதைய ஒழுங்கு இதுதான்: 136-ஆம் சங்கீதம், டீச்சர் சொன்ன அமைதி ஜெபம், பிறகு 118-ஆம் சங்கீதம், அதன் பிறகு சாட்சி வேளை. சாட்சி சொல்ல விரும்புகிறவர்களைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உட்காரவைத்துப் பேசுவதாக எங்கள் போதகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். 17-ஆம் வசனத்தை வாசிப்பதற்கு, அன்று வேனை ஓட்டிய தம்பி தானாகவே முன்வந்திருக்கிறார்.